வசுந்தராவுக்கு வசனம் எழுதுகிறவன்

ஜூன் 5, மும்பை

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். மரியாதைக்காக மூடினேன், வேலைக்காக மூடினேன், வீட்டில் சண்டை வேண்டாமே என்று மூடினேன். மூடியதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை. இன்று முதல் நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதப் போகிறேன். முடிந்ததும் ஒரு பத்திரிகைக்கு அனுப்புவேன். என் பெயரோடு, முழுப் பெயரோடு.

விஷயம் இதுதான். ‘ராஜ்வாடா மருமகள்’ என்ற இந்தித் தொடரைத் தமிழில் பேச வைக்கிறவன் நான். கதை கசிந்துவிடக் கூடாது என்பதால், தமிழ் வசனம் தயாராகும் வரை சேனல்காரர்கள் எபிசோடை மும்பை அலுவலகத்தை விட்டு வெளியே விடமாட்டார்கள். அதனால் மாதத்தில் மூன்று வாரம் அங்கே கோரேகாவில் உட்கார்ந்து எழுதுவேன், ஒரு வாரம் சென்னையில் வீட்டில் இருப்பேன். சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் அந்த வசனத்துக்குக் குரல் கொடுக்கிறார்கள். கதாநாயகி வசுந்தராவுக்குக் குரல் சுகந்தி. என் மனைவி.

பிப்ரவரியில் ஒருநாள் டைட்டிலில் என் பெயர் இல்லை. ‘தமிழாக்கம் மற்றும் டப்பிங் இயக்கம்: எட்வின்’ என்று வந்தது. ஸ்டூடியோவில் டப்பிங் நடத்தும் எட்வினுக்கு இந்தியில் தெரிந்த ஒரே சொல் பானி, அதுவும் பூரியோடு சேர்ந்து வந்தால். நான் தமிழில் எம்.ஏ., டெல்லியில் எம்.ஃபில். கேட்டதற்கு, டைட்டில் நீளத்தைக் குறைத்திருக்கிறோம் என்றார்கள்.

சுகந்தியிடம் சொன்னேன், நீ நாளைக்கு மைக் முன்னால் போகாதே, அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும் என்று.

“உங்க பேரு போனதுக்கு நான் ஏங்க வாயை மூடணும்?” என்றாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன்தான். சென்னை வாரம் அதோடு நின்றது. அவளாகப் பேசட்டும்.

ஜூன் 8

துணி காயவில்லை. மழை தொடங்கியாகிவிட்டது, இனி செப்டம்பர் வரை எல்லாச் சட்டையிலும் இந்த நாற்றம்தான்.

மாலாடில் நான் இருக்கும் அறை சுலபா தாயி என்ற மராட்டிய அம்மாளின் வீட்டில் ஒரு பகுதி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வருடக்கணக்காக வாடகை வாங்கியும் என் பெயரைக் கேட்டதில்லை. “அண்ணா” என்பார். இந்த ஊரில் தெற்கிலிருந்து வந்த எல்லோரும் அண்ணா, இட்லி விற்கிறவனும் இலக்கியம் படித்தவனும்.

அவர் கூடத்தில் ராஜ்வாடாவை இந்தியில் பார்க்கிறார். நாலு நாள் பின்தங்கித் தமிழில் வருவதை நான் அதே ஏழரை மணிக்கு இங்கே போனில் பார்க்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வசுந்தரா மாமியாரை மன்னித்துவிட்டாள். இந்தப் பக்கம் இன்னும் விஷயமே தெரியாமல் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சுகந்தி பேசி மாதங்கள் ஆகின்றன. போன் செய்தால் எடுப்பதில்லை, பிறகு எழுத்தில் பதில் போடுகிறாள். கேஸ் வந்தது. மகள் குழலிக்குச் சம்பளம் கூடியது. தொண்டை கரகரன்னு இருக்கு. இப்படி. ஊருக்கெல்லாம் ஏழரை மணிக்குப் பேசுகிறவள் எனக்கு மட்டும் தந்தி அடிக்கிறாள்.

ஜூன் 11

எழுதியது ஒன்று, வந்தது ஒன்று.

கோயில் மண்டபத்தில் வசுந்தரா பேசும் நீண்ட பேச்சு. அந்த நடிகை ஒரே மூச்சில் பேசுகிறாள். நானும் ஒரே மூச்சில் எழுதியிருந்தேன். அவள் உதடு மூடுகிற இடத்திலெல்லாம் ஒரு பகரமோ மகரமோ வந்து விழும்படி இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கியது. சுகந்தி அதை மூன்றாக உடைத்து, நடுவில் பாதியைத் தின்றுவிட்டிருக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. மேலே வீணையை விட்டு மூடியிருக்கிறார்கள்.

செய்தி அனுப்பினேன்: “வசனத்தை வெட்டச் சொன்னது எட்வினா?”

“நான்தான். மூச்சு வரலைங்க.”

இருபத்தைந்து வருடமாக மைக் முன்னால் நிற்பவளுக்கு மூச்சு வரவில்லையாம். என் பெயரை அவன் வெட்டினான், என் வரியை இவள் வெட்டுகிறாள்.

“வெந்நீர் குடி” என்று பதில் போட்டேன்.

ஜூன் 14

மழை. ரயில் இல்லை. அலுவலகம் இல்லை.

ஜூன் 19

குழலி கூப்பிட்டாள். கார்குழலி என்று நான் வைத்த பெயரை ஆபீசில் ‘கார்’ என்று கூப்பிடுகிறார்களாம். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, சிரித்த வேகத்திலேயே கேட்டாள்.

“அப்பா, இந்த மாசம் வர்றீங்களா?”

“உங்கம்மா கேக்கச் சொன்னாளா?”

“நான் கேக்கறேன்.”

“அவகிட்ட போனைக் குடு.”

பின்னால் ஏதோ மைக்கில் நம்பர் கூப்பிட்டார்கள். பேங்க்கில் இருக்கிறாள் போலிருக்கிறது.

“அம்மா இப்பல்லாம் போன்ல பேசறதில்லப்பா.”

“தெரியுமே. எங்கிட்ட மட்டும்தானே.”

“அப்பா, ப்ளீஸ். ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன். நான் எதுவும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க.”

சமாதானத் தூது. தாயும் மகளும் கலந்து பேசித்தான் செய்கிறார்கள். அவள் ஒரு வார்த்தை வாயைத் திறந்து ‘வாங்க’ என்று சொல்லட்டும், அன்றைக்கே டிக்கெட் எடுக்கிறேன் என்றேன். குழலி போனை வைத்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ‘வச்சுடறேன்’ என்று சொல்லிவிட்டு வைக்கும் பழக்கம்கூட இல்லை.

ஜூன் 27

நல்ல செய்தியையும் எழுதத்தான் வேண்டும். சுகந்தி தேறிவிட்டாள். இந்த வாரம் முழுக்க ஒரு வரி வெட்டில்லை. மாமியார் முன்னால் அந்தச் சிரிப்பு, வார்த்தை முடியும்போது லேசாக மேலே தூக்கி விடுகிற அந்தத் தூக்கல், எல்லாம் பழைய சுகந்தி. சொல்லப்போனால் பழையதைவிட இளமையாக இருக்கிறது. என் ஒரு செய்திக்கு இவ்வளவு பலன்.

சுலபா தாயி ஜவ்வரிசியில் செய்த சாபுதானா கிச்சடி கொண்டுவந்தவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

“இது உன் வீட்டுக்காரியா?”

“ஆமாம்.”

“முன்னால் வேறு மாதிரி இருந்ததே. வேறு யாரோ போல இருக்கிறது, அண்ணா.”

மைக் மாற்றினால், அறை மாற்றினால் குரல் வேறு மாதிரிப் பதியும் என்று அவருக்கு விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார். தமிழில் ஒரு சொல் தெரியாது, அபிப்பிராயம் மட்டும் இருக்கிறது. கிச்சடியில் உப்பு போதவில்லை.

ஜூலை 3

இன்று ஒரு காரியம் செய்தேன். வசுந்தரா கணவனிடம் கோபித்துக்கொள்ளும் காட்சி. இந்தியில் ‘ஏதாவது பேசுங்கள்’ என்று இவ்வளவுதான். நடிகை முகத்தைத் திருப்பிக்கொள்வதால் உதடு தெரியவில்லை. உதடு தெரியாத இடத்தில் வசனகர்த்தா ராஜா. நான் எழுதினேன்: “பேசாம இருந்தே ஜெயிச்சிடலாம்னு நினைச்சீங்களா? ஜெயிச்சு யாரோட உக்காந்து சாப்பிடுவீங்க?”

இதை அவள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போது யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று உறைக்காமலா போகும்?

ஜூலை 10

சொன்னாள். ‘யாரோட’ என்ற இடத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம். நான் எழுதாத தடுமாற்றம். அதுதான் பதில்.

இப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு வரி அப்படி வைக்கிறேன். கதை கெடாமல்தான். கல்யாணமான புதிதில் அவள் டப்பிங் முடித்து வரும் வரை வடபழனி பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பேன். வசுந்தரா தன் கணவனிடம் “நீங்க காத்துட்டு இருந்தீங்களே, அந்த எடத்துலேயே நின்னுருக்கலாம் நாம” என்கிறாள். ராஜ்வாடாவில் பஸ் நிறுத்தம் கிடையாது. யாரும் கேட்கப் போவதில்லை.

ஜூலை 16

இன்று பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகவில்லை.

வசுந்தரா வீட்டை விட்டுப் போகிறவனைப் பார்த்து, “நான் கோவமா இல்லைங்க. களைச்சுப் போயிட்டேன்” என்கிறாள். நான் எழுதியதுதான். ஆனால் அந்த ‘களைச்சுப் போயிட்டேன்’ வந்த விதம். அழவில்லை, அழுகைக்கு முந்தைய இடத்தில் குரலை நிறுத்திவிட்டாள். இத்தனை வருடத்தில் இப்படி அவள் பேசிக் கேட்டதில்லை. போனைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

செய்தி அனுப்பினேன்: “இன்றைய எபிசோட் நன்றாக இருந்தது. அந்தக் கடைசி வரி.”

வெகுநேரம் கழித்துப் பதில்: “சந்தோஷம். சொல்லிடறேன்.”

எட்வினிடம் சொல்லப் போகிறாள் போல. சொல்லட்டும். எழுதியது யார் என்று அவனுக்கும் நினைவுக்கு வரட்டும்.

ஜூலை 18

எட்வின் போன் செய்தான். அடுத்த பத்து எபிசோடுக்கு வசனப் பேப்பர் எப்போது வரும் என்று கேட்க. டைட்டில் பேச்சை எடுத்தேன்.

“சார், அது நான் பண்ணது இல்ல சார். சேனல்ல போட்டாங்க.”

“போட்டதை எடுக்கச் சொன்னியா?”

“சொல்லல சார். தப்புதான்.” ஒப்புக்கொள்வதிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. “சார், அதை விடுங்க. நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போங்க சார்.”

“என் வீட்டைப் பத்தி நீ பேசாத.”

“சரி சார். இருந்தாலும் வந்துட்டுப் போங்க.”

என் வீட்டுக்கு நான் போக இவன் சிபாரிசு. மானம் போகிறது. நேரில் போய் நாலு பேர் முன்னால் இவனைக் கேட்டால்தான் ஆகும். வெள்ளிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வீட்டுக்குச் சொல்லவில்லை. சுகந்திக்கு மாஹிம் அல்வா வாங்கினேன், அந்தத் தகடு தகடாக இருப்பது. அவளுக்குப் பிடிக்கும்.

ஜூலை 24, சென்னை

இதை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். எட்வினை அவன் இடத்திலேயே வைத்துக் கேட்கத் திட்டம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கன்ட்ரோல் அறையின் கதவு திறந்திருந்தது. ஸ்பீக்கரில் சுகந்தி பேசிக்கொண்டிருந்தாள். கோபத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு ஒரு சந்தோஷம் வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவள் குரலை நேரில் கேட்பது இப்போதுதான் என்று நினைத்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். மஞ்சள் சுடிதார், காதில் ஹெட்போன், இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். அவள் வாய் அசைந்தது. ஸ்பீக்கரில் சுகந்தி பேசினாள். அவள் நிறுத்தினாள். சுகந்தியும் நின்றாள்.

என் தொழிலே அதுதான். ஒருத்தி வாயில் இன்னொருத்தி பேச்சு. ஆனாலும் எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

எட்வின் எழுந்துவிட்டான். “சார், உக்காருங்க சார். டேய், தண்ணி குடு சாருக்கு.”

“சுகந்தி எங்க?”

“வீட்டுலதான் சார். உங்களுக்கு... சார், மேடம் சொல்லலையா?”

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். பெயர் மெர்சி. என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டாள். சொந்தக் குரலில் பேசினாள். அது மெல்லிய, கடலூர்ப் பக்கத்துக் குரல்.

“சார், அந்தக் களைச்சுப் போயிட்டேன் நல்லாருந்துச்சுன்னு நீங்க அனுப்புனதை மேடம் காட்டுனாங்க சார். எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரல.”

“எப்பேர்ந்து?” என்றேன்.

அவள் எட்வினைப் பார்த்தாள். அவன்தான் சொன்னான். “ஜூன் நடுவுலேர்ந்து சார். தொண்டை ஆபரேஷனுக்கு முன்னாடி மேடம்தான் இந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. வாய்ஸ் மேட்ச் ஆவுது, சேனலுக்குத் தெரிய வேணாம், டைட்டில்ல எம் பேரே இருக்கட்டும், நான் திரும்பி வருவேன்னாங்க. நானும் சரின்னேன். மெர்சிக்குச் சம்பளம் குடுத்துட்டு மேடம் பேரை அப்பிடியே வச்சிருக்கேன். யாரும் கண்டுபுடிக்கல சார்.”

கடைசி வாக்கியத்தை அவன் பெருமையாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டான்.

என் பெயரை எடுத்தவன் அவள் பெயரை வைத்திருக்கிறான். இதை எங்கே கொண்டுபோய் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 25

சுகந்திக்குக் குரல் நாணில் கட்டி. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியதில் கெட்ட கட்டி என்று வந்திருக்கிறது. ஆரம்பம்தான், உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர். கதிர் சிகிச்சை நடக்கிறது. கழுத்தில் தோல் கறுத்திருக்கிறது. குரல் முன்போல வருமா என்றால் டாக்டர் வேறு பேச்சு பேசுகிறார். குழலி அன்று கூப்பிட்டபோது பின்னால் நம்பர் கூப்பிட்டது பேங்க்கில் இல்லை.

நேற்று நான் கதவைத் தட்டியபோது சுகந்தி திறந்தாள். பையை வாங்கிக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான்தான் பேசினேன்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

போனில் தட்டிக் காட்டினாள். ‘சொன்னேனே. தொண்டை சரியில்லன்னு. மூச்சு வரலன்னு.’

“இதுன்னு சொல்லலையே.”

‘சொன்னா எட்வின்கிட்ட சண்டைக்குப் போவீங்க. நாலு பேருக்குத் தெரியும். அப்புறம் எனக்கு யாரு வேலை குடுப்பா?’

சண்டைக்குத்தான் வந்திருந்தேன்.

அல்வாவை எடுத்து வைத்தேன். குழலி பார்த்துவிட்டு, “அம்மாவால முழுங்க முடியாதுப்பா” என்றாள். சுகந்தி அவளை முறைத்து, ஒரு தகட்டைப் பிய்த்துப் பாலில் ஊற வைத்தாள்.

ஜூலை 27

சாதத்தைக் குழைய வேக வைத்து, ரசம் விட்டு, மிக்சியில் ஒரு சுற்று. அதிகம் அரைத்தால் பசையாகிவிடும், அவள் சாப்பிடமாட்டாள். குழலி கற்றுக்கொடுத்தாள். காரம் ஆகாது. சூடும் ஆகாது.

ஆஸ்பத்திரி வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் வந்து, “கூட யாரு வந்திருக்கா?” என்று கேட்டதற்கு, சுகந்தி பழக்கத்தில் குழலியைத் தேடித் திரும்பினாள். பிறகு என்னைக் காட்டினாள்.

டாக்டர் அளந்துதான் பேசச் சொல்லியிருக்கிறார். அந்த அளவில் கொஞ்சம் குழலிக்கு, கொஞ்சம் மருந்துக்கடைக்காரனுக்கு. மெர்சி ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுக்கு. எனக்கு மிச்சம் இருப்பதில்லை.

ஜூலை 29

சுகந்தி தூங்கும்போது குழலி சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள்.

“தினமும் பாத்தீங்களேப்பா. ஒருநாள் விடாம பாத்தீங்க. எப்படித் தெரியாம போச்சு?”

“போன் ஸ்பீக்கர் சின்னது, குழலி. மழைச் சத்தம் வேற.”

“அப்பா.”

“அந்தப் பொண்ணு அச்சு அசலா...”

“எனக்கு முதல் வரியிலேயே தெரிஞ்சுது. அந்த ஏழரை மணிக்கு அம்மா உங்க மெசேஜுக்காகப் போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ‘அப்பா கண்டுபுடிச்சிடுவாரு, அவரு காது பாம்புக் காது’ன்னு எழுதிக் காட்டுனாங்க. ஒரு வாரம் உக்காந்திருந்தாங்க. அப்புறம் உக்காரல.”

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள். பாத்திரத்தை நான் கழுவி வைத்தேன்.

மழைச் சத்தம் இருந்தது உண்மை. ஸ்பீக்கர் சின்னது என்பதும் உண்மை.

ஆகஸ்ட் 1

மும்பையிலிருந்து போன். எபிசோட் தேங்கி நிற்கிறது, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். சென்னையிலிருந்தே எழுதுகிறேன் என்றேன். முடியாது, விதி. விதி எழுதியவன் பெயர் மட்டும் எந்த டைட்டிலிலும் வராது, நிம்மதியாக இருப்பான்.

சுகந்தி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“நான் மும்பையை விட்டுடறேன்” என்றேன். “போதும். இங்கயே ஏதாவது பாத்துக்கறேன்.”

அவள் கை நின்றது. “வேண்டாங்க” என்றாள்.

வாயால் சொன்னாள். நான் வந்த பிறகு எனக்கென்று சொன்ன முதல் வார்த்தை. அந்தக் குரலை நான் விவரிக்கப் போவதில்லை. உலகத்தில் வேறு யாராலும் அந்தக் குரலில் பேச முடியாது, அவ்வளவுதான்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ரொம்ப நேரம் தட்டினாள், அழித்தாள், தட்டினாள்.

‘நீங்க இங்க இருந்தா தினம் ஏதாவது கேப்பீங்க. ஏன் அப்படி, ஏன் இப்படி, யார் சொன்னா, எப்ப சொன்னா. நான் பதில் சொல்லணும். உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பாதி மூச்சு போயிருக்கு. இப்ப எனக்கு மூச்சு கொஞ்சம்தான் இருக்கு. கோவமா சொல்லல.’

கோபமாகச் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. நான் ஒரு வரி எழுதி, அதை ஒருத்தி பேசி, அதில் ஒரு பதிலை நானே கண்டுபிடித்து, சுவரைப் பார்த்து அழுதேனே, அதற்கெல்லாம் நிஜமான பதில் இது.

“அப்ப நான் என்ன பண்ணட்டும்?” என்றேன்.

யோசித்தாள். ‘போன் பண்ணுங்க. நீங்க பேசுங்க. என்னைக் கேக்காதீங்க.’

ஆகஸ்ட் 5, மும்பை

சட்டைகளில் பூஞ்சை. சுலபா தாயி ஒன்றும் கேட்கவில்லை, உப்பு சரியாகப் போட்ட கிச்சடி கொண்டுவந்தார். உட்காருங்கள் என்றேன். அந்தக் குரல் என் மனைவியுடையது இல்லை, நீங்கள் சொன்னது சரி என்றேன். “அப்படியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மனைவி பெயர் என்ன என்றார். சுகந்தி என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் போன் செய்தேன். எடுத்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. கேள்வி இல்லாமல் பேசுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ‘சாப்பிட்டியா’வும் கேள்விதான். கடைசியில் ரயிலில் ஒருவன் கொய்யாப்பழக் கூடையை வாசலில் ஏற்றியதைச் சொன்னேன். கூடை ஏறியது, அவன் ஏறவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. பெட்டியே அவன் கூடைக்கு அடுத்த ஸ்டேஷன் வரை காவல் இருந்தது.

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. சிரித்தாளா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9

அவள் பாதியிலேயே வைத்துவிட்டாள். நான் டைட்டில் பேச்சை எடுத்தேன். தப்பு.

ஆகஸ்ட் 13

மெர்சிக்கு எழுதுகிறேன் என்று தெரிந்து எழுதுவது வேறு வேலை. எனக்கென்று எந்த வரியும் வைப்பதில்லை. வசுந்தரா என்ன சொல்கிறாளோ அதைத்தான் தமிழில் சொல்கிறாள். அலுவலகத்தில், “இப்போதுதான் ஒரிஜினலுக்குக் கிட்ட வந்திருக்கிறீர்கள்” என்றார்கள்.

ஆகஸ்ட் 21, ரயிலில்

சிகிச்சை முடிந்துவிட்டது, நாளை ஸ்கேன் பார்க்கும் நாள். கூட வருகிறேன் என்று எழுதியிருந்தேன். ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை வந்தது. விமானம் கிடைக்காமல் ரயில். ஸ்கேனில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அவள் என்னை எத்தனை நாள் இருக்கச் சொல்வாள் என்பதும் தெரியாது. திங்கட்கிழமைக்குத் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். அவள் கிழிக்கச் சொன்னால் கிழிப்பேன். சொல்லமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

சோலாப்பூர் தாண்டியதிலிருந்து இந்தப் பக்கங்களை வேறு தாளில் எடுத்து எழுதினேன். எல்லோர் பெயரையும் மாற்றினேன், தொடரின் பெயரையும். எட்வினை இன்னும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவன் யார் என்று யாராவது கண்டுபிடித்தால் அடுத்த நிமிடம் சுகந்தி யார் என்றும் கண்டுபிடிப்பார்கள். அந்தத் தொழிலில் ஒருத்திக்குக் குரல் போய்விட்டது என்ற பேச்சு ஒரு தரம் கிளம்பினால், குரலே திரும்பி வந்தாலும் வேலை வராது. அவள் இன்னும் ‘திரும்பி வருவேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை?

கடைசித் தாளின் கீழே என் முழுப் பெயரை எழுதினேன், எம்.ஏ., எம்.ஃபில். உட்பட. வழக்கமாகப் போடும் கோடும் இழுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பகுதியை மட்டும் மடித்துக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே விட்டேன்.

அனுப்பாமலே விட்டுவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் மறுபடி வாயை மூடிக்கொண்டதாகிவிடும். இரண்டு ஊருக்கு நடுவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிற யாராவது ஒருவன் இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்து, எதையும் கேட்காமல் கொஞ்ச நேரம் பேசினால் போதும்.

குண்டக்கல் வரப்போகிறது என்கிறார்கள். அங்கே வண்டி நிற்கும், பிளாட்பாரத்தில் தபால் பெட்டி இருக்கும். என் இரண்டு ஊரின் முத்திரையும் உறைமேல் விழாது. பெயர் இல்லாமல் அதில் போட்டுவிடப் போகிறேன்.